ஆடித் தீராத ஆட்டங்கள்

1984 செப்டம்பரில் இங்கிலாந்தின் கடைகளுக்கு ஒரு பெட்டி விற்பனைக்கு வந்தது. உள்ளே ஒரு கேசட், கெட்டியான ஒரு கையேடு, ஒரு குறுநாவல். கேசட்டை டேப் ரெக்கார்டரில் போட்டு, அதை 'பிபிசி மைக்ரோ' என்ற வீட்டுக் கணினியோடு இணைத்துச் சில நிமிடங்கள் பொறுமையாகக் காத்திருந்தால், கறுப்புத் திரையில் வெறும் கோடுகளால் ஆன ஒரு விண்கலம் சுழலத் தொடங்கும். ஆட்டத்தின் பெயர் 'எலைட்'. எழுதியவர்கள் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர்: டேவிட் பிரேபன், இயன் பெல்.

அந்த ஆட்டத்தில் 8 விண்மீன் திரள்கள். ஒவ்வொன்றிலும் 256 உலகங்கள். ஆக மொத்தம் 2,048. ஒவ்வோர் உலகத்துக்கும் ஒரு பெயர் உண்டு. அங்கே நடப்பது என்ன ஆட்சி, மக்கள்தொகை எவ்வளவு, விவசாய பூமியா தொழிற்சாலை பூமியா, சந்தையில் என்ன விலை என்ற விவரமெல்லாம் உண்டு. ஆனால் அந்தக் கணினியின் மொத்த நினைவகம் 32 கிலோபைட். இன்று வாட்ஸ்அப்பில் வந்து விழும் ஒரு 'காலை வணக்கம்' படம் பெரும்பாலும் அதைவிடப் பெரியது.

2,048 உலகங்களை அதற்குள் எப்படி அடைத்தார்கள்? அடைக்கவே இல்லை. அவர்கள் எழுதி வைத்தது மூன்று எண்களை மட்டும். மூன்றும் சேர்ந்து ஆறே ஆறு பைட். ஆங்கிலத்தில் ஆறு எழுத்துப் பெயர் ஒன்றை எழுதப் பிடிக்கும் இடம். மூன்று எண்களையும் கூட்டினால் நான்காவது ஓர் எண் கிடைக்கும். முதல் எண்ணைத் தள்ளிவிட்டு, கிடைத்ததைக் கடைசியில் சேர்த்துக்கொண்டு மறுபடி கூட்டினால் அடுத்தது. இப்படிக் கூட்டக் கூட்ட வரும் எண்களில் இருந்தே ஓர் உலகத்தின் பெயர், ஆட்சி, தொழில், வானில் அதன் இடம் எல்லாம் பிறக்கும். ஒரு திரளில் இருந்து அடுத்ததற்குத் தாவினால், அந்த ஆறு பைட்டுகளில் ஒவ்வொன்றையும் ஒரு பிட் அளவு சுழற்றிவிடுவார்கள். பைட்டுக்கு எட்டு பிட் என்பதால் எட்டு முறை சுழற்றினால் பழைய இடத்துக்கே வந்துவிடும். எட்டுத் திரள்கள் வந்த கணக்கு அதுதான்.

கல்யாண வீட்டில் முந்நூறு பேருக்கு இட்லியை முதல் நாளே அவித்து அடுக்கி வைப்பதில்லை. மாவும் தட்டும் இருந்தால் போதும். ஆள் வர வர அவித்துக்கொள்ளலாம். 1980களின் வீட்டுக் கணினிகள் இந்த வித்தையைக் கற்றுக்கொண்டது வறுமையால். 'கமடோர் 64' என்ற புகழ்பெற்ற கணினியில் 64 கிலோபைட், 'ஸ்பெக்ட்ரம்' என்பதில் 48. பண்டத்தை வைக்க இடமில்லாததால் பக்குவத்தை எழுதி வைத்தார்கள்.

ஒரு வீட்டுக் கணினி ஆட்டத்தைத் திரும்பத் திரும்ப ஆட வைப்பது எது என்ற கேள்விக்கு இதுவே விடை என்று பலரும் நினைக்கிறார்கள்: உலகம் பெரிதாக இருந்தால் ஆடித் தீராது. அது பாதி விடைகூட இல்லை. அந்த இரு மாணவர்களும் முதலில் திட்டமிட்டது எட்டுத் திரள்களை அல்ல. அவர்களுடைய கூட்டல் கணக்கில் சுமார் 281 லட்சம் கோடித் திரள்கள் பிறக்க வழி இருந்தது. வெளியிட்ட 'ஏகார்ன்சாஃப்ட்' நிறுவனம்தான் எட்டுக்குக் குறைக்கச் சொன்னது. அத்தனையையும் திறந்து விட்டால், எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை என்பது ஆடுபவர் கண்ணில் பட்டுவிடும் என்பது அவர்கள் கவலை. சரியான கவலை. ஆயிரமாவது இட்லியும் முதல் இட்லி போலத்தான் இருக்கும்.

எலைட்டை மறுபடி மறுபடி ஆட வைத்தது வேறொன்று. ஆடுபவர் 'லேவ்' என்ற உலகத்தில் 100 கிரெடிட் பணத்தோடு தொடங்குகிறார். விவசாய உலகத்தில் உணவு மலிவு. தொழில் உலகத்தில் அதற்கு நல்ல விலை. கணினிகளை இங்கே வாங்கி அங்கே விற்றால் லாபம் கூடுதல். போதைப்பொருள் கடத்தினால் இன்னும் கூடுதல், ஆனால் காவல் கலங்கள் துரத்தும். ஆட்சியே இல்லாத உலகத்துக்குப் போகும் வழியில் கொள்ளையர்கள் அதிகம். கையில் இருக்கும் பணத்தில் சரக்கு வாங்குவதா, நல்ல லேசர் வாங்கிப் பொருத்துவதா? ஒவ்வொரு பயணத்துக்கு முன்னும் இந்தக் கணக்கு ஓடும். அன்றைய கணினி ஆட்டங்களுக்கு 'மூன்று உயிர், பத்து நிமிடம், ஸ்கோர்' என்பதே வாய்ப்பாடாக இருந்தது. எலைட்டில் ஸ்கோர் கிடையாது. எது வெற்றி என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். நேர்மையான வணிகராகவும் வாழலாம், கொள்ளையராகவும் வாழலாம். ஒரு வாழ்க்கையை முடித்தவருக்கு இன்னொன்றையும் வாழ்ந்து பார்க்கத் தோன்றியது.

எலைட்டின் உலகங்கள் எல்லோருக்கும் ஒன்றே. லண்டனில் ஆடியவருக்கும் லீட்ஸில் ஆடியவருக்கும் லேவ் அதே இடத்தில்தான். ஒவ்வொரு முறையும் வரைபடத்தையே மாற்றிப் போடும் துணிச்சல் அதற்கு முன்பே அமெரிக்காவில் பிறந்திருந்தது. 1980 வாக்கில், சாந்தா குருஸில் இருந்த கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் மாணவர்கள் மைக்கேல் டாய், கிளென் விக்மன் இருவரும் 'ரோக்' என்ற ஆட்டத்தை எழுதினார்கள். அன்று பரவலாக இருந்த சாகச ஆட்டங்களில் அவர்களுக்கு ஒரு குறை. புதிர்களை ஒரு முறை விடுவித்துவிட்டால் ஆட்டம் செத்துவிடும். அதைவிடப் பெரிய குறை, எழுதியவனுக்கு விடைகள் முதலிலேயே தெரியும் என்பதால் தன் ஆட்டத்தைத் தானே ஆட முடியாது. எழுதியவனையும் வியக்க வைக்கும் ஆட்டம் வேண்டும் என்பதே அவர்கள் ஆசை.

ரோக் முழுக்க எழுத்துகளால் ஆனது. நாயகன் ஒரு @ குறி. ஆங்கிலத்தின் 26 பெரிய எழுத்துகளும் 26 அரக்கர்கள். பாதாளக் குகையின் ஒவ்வொரு தளத்தையும் கணினி புதிதாக வரையும். திரையை மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டமாக வகுத்து, கட்டத்துக்கு ஓர் அறை போட்டு, நடைபாதைகளால் இணைக்கும். செத்தால் செத்ததுதான், சேமித்த ஆட்டத்தைத் திறந்த கணத்திலேயே கணினி அந்தக் கோப்பை அழித்துவிடும். பின்னர் ஐபிஎம் பிசி முதலிய கணினிகளுக்கும் வந்து, தன் வழியில் ஒரு பெரிய குலத்தையே உருவாக்கியது. இன்றும் அந்த வகை ஆட்டங்களை ரோக்கின் பெயரால்தான் அழைக்கிறார்கள்.

ரோக்கில் ஒரு கணத்தை அருகில் போய்ப் பார்க்கலாம். ஆடுபவர் நான்காம் தளத்தில் இருக்கிறார். உயிர்ச் சக்தி பாதிக்கும் கீழே. பையில் ஒரு நீல நிற மருந்து. அது காயத்தை ஆற்றலாம், கண்ணைக் குருடாக்கலாம், தலையைச் சுற்ற வைக்கலாம். போன ஆட்டத்தில் நீலம் என்பது பலம் தரும் மருந்து. ஆனால் ஒவ்வோர் ஆட்டத்திலும் நிறங்களைக் கணினி கலைத்துப் போடுவதால் அந்த அறிவு செல்லாது. அப்படியானால் முன்பு ஆடியதெல்லாம் வீணா? இல்லை. அறியாத மருந்தைக் குடித்துப் பார்ப்பதானால் பக்கத்தில் அரக்கன் இல்லாதபோது குடிக்க வேண்டும், படிக்கட்டு பக்கத்தில் இருக்கும்போது குடிக்க வேண்டும் என்பதை முந்தைய பத்துச் சாவுகள் கற்றுக்கொடுத்திருக்கின்றன. நீலம் எது என்ற தகவல் அழிந்தது. தெரியாததை எப்படிக் கையாள்வது என்ற அறிவு அழியவில்லை.

இந்த இடத்தில்தான் விஷயத்தின் ஆணிவேர் இருக்கிறது. ஆட்டம் ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குத் திரும்புகிறது, ஆடுபவர் திரும்புவதில்லை. செத்தது திரையில் இருந்த @ குறி, கற்றது நாற்காலியில் இருந்தவர். மறுபடி ஆடத் தகுந்த ஆட்டம் என்பது, ஆடுபவர் கற்றுக்கொள்ள இன்னும் மிச்சம் வைத்திருக்கும் ஆட்டம். கற்க வேண்டியது தீர்ந்த அன்று உலகம் எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அது முடிந்த ஆட்டமே.

மூளை இதை எப்படி உணர்கிறது? 1998இல் லண்டனின் ஹாமர்ஸ்மித் மருத்துவமனை ஆய்வாளர்கள் எட்டு ஆண்களை ஒரு டாங்கி விளையாட்டை ஆட வைத்து, அதே நேரத்தில் அவர்களின் மூளையைப் படமெடுத்தார்கள். மூளையின் ஆழத்தில் உள்ள ஸ்ட்ரையாட்டம் என்ற பகுதியில் டோபமின் சுரப்பது தெரிந்தது. ஆட்டத்தில் முன்னேறியவர்களிடம் அது கூடுதல். டோபமினை 'இன்ப ரசாயனம்' என்று எழுதுவது பத்திரிகை வழக்கம். அது சரியல்ல. உல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் அறிஞர் குரங்குகளிடம் நடத்திய புகழ்பெற்ற சோதனைகள் காட்டியது வேறு. எதிர்பார்த்த பழச்சாறு எதிர்பார்த்தபடியே கிடைத்தால் டோபமின் நரம்பணுக்கள் சும்மா இருக்கும். எதிர்பாராமல் கிடைத்தால் துடிக்கும். எதிர்பார்த்தது கிடைக்காவிட்டால் வழக்கத்தைவிட அடங்கும். எதிர்பார்ப்புக்கும் நடந்ததற்கும் உள்ள வித்தியாசத்தைத்தான் அவை சொல்கின்றன. அந்த வித்தியாசமே கற்றலுக்கான செய்தி.

2003இல் ஷுல்ட்ஸின் குழு இன்னொன்றைக் கண்டது. ஒரு படத்தைக் காட்டிவிட்டு, சாறு வருமா வராதா என்று குரங்கைச் சில நொடி காக்க வைத்தார்கள். நிச்சயம் வரும் என்றாலும் நிச்சயம் வராது என்றாலும் அந்தக் காத்திருப்பில் நரம்பணுக்கள் அமைதியாக இருந்தன. பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றபோதுதான் அவற்றின் துடிப்பு படிப்படியாக ஏறி உச்சத்தைத் தொட்டது. எளிதில் ஜெயிக்கும் ஆட்டம் சலிக்கிறது, ஜெயிக்கவே முடியாத ஆட்டம் கைவிடப்படுகிறது, 'இந்த முறை முடியுமோ' என்ற ஆட்டம் இரவு இரண்டு மணி வரை இழுக்கிறது என்பதை ஆடியவர்கள் எல்லோரும் அறிவார்கள். அதன் வேர் ஒன்று இங்கே இருக்கிறது.

ஆனால் நிச்சயமின்மை மட்டும் இருந்தால் போதுமா? பரமபதத்தில் நிச்சயமின்மைக்குக் குறைவே இல்லை. ஏணி வருமா பாம்பு வருமா என்பது தாயக்கட்டை விழும் வரை யாருக்கும் தெரியாது. இருந்தும் வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழிக்க ஆடுவதோடு சரி. யாரும் அதில் தேர்ச்சி பெறுவதில்லை, தேற அதில் ஒன்றும் இல்லை. ஆடுபுலி ஆட்டத்தில் தற்செயல் என்பதே கிடையாது. அங்கே நிச்சயமின்மை எதிரில் உட்கார்ந்திருப்பவரின் மண்டைக்குள் இருக்கிறது. அதனால் கிழவர்களும் சளைக்காமல் ஆடினார்கள்.

தற்செயல் எங்கே வருகிறது என்பதுதான் கேள்வி. முடிவெடுத்த பிறகு வந்தால் அது விதி. பகடை விழுந்ததும் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டியதுதான். முடிவெடுக்கும் முன் வந்தால் அது சவால்: 'கையில் வந்த சீட்டு இது, இதை வைத்து என்ன செய்யப் போகிறாய்?' சீட்டாட்டம் நூற்றாண்டுகளாக நிற்பது இதனால்தான். 1991இல் சிட் மெயர், புரூஸ் ஷெல்லி உருவாக்கிய 'சிவிலைசேஷன்' ஆட்டத்தில் ஒவ்வொரு முறையும் கணினி ஒரு புதிய பூமியை வரையும். ஒரு முறை ஆற்றங்கரைச் சமவெளி, இன்னொரு முறை ஒரு சின்னத் தீவு. தீவில் பிறந்தவர் கப்பலைப் பற்றி யோசித்தே ஆக வேண்டும். போன ஆட்டத்தின் திட்டத்தை அப்படியே ஒப்பிக்க வழியில்லை.

இந்த வகையில் மறக்கப்பட்டுவரும் ஓர் ஆட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும். 1983இல் 'அட்டாரி 800' கணினிக்கு வந்த 'மியூல்'. அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் என்ற ஊரில் ஒரு சிறு குழு உருவாக்கியது. தலைமை வடிவமைப்பாளர், பின்னாளில் டேனியல் பன்டன் பெர்ரி என்ற பெயரில் வாழ்ந்து 1998இல் மறைந்த பெண்மணி. அட்டாரி 800இல் ஜாய்ஸ்டிக் செருக நான்கு வாய்கள் உண்டு. ஒரே டிவி முன் நான்கு பேர் உட்கார்ந்து ஆட வேண்டும் என்பதை மனதில் வைத்தே ஆட்டத்தைப் படைத்தார்கள்.

கதை எளிது. நால்வரும் ஒரு புதுக் கிரகத்தில் குடியேறியவர்கள். பன்னிரண்டு மாதம் அவகாசம். நிலம் பிடித்து, உணவு, மின்சக்தி, கனிமம் என்று எதையாவது விளைவிக்க வேண்டும். மாதக் கடைசியில் சந்தை. வாங்குபவர்கள் திரையின் அடியில் நிற்பார்கள், விற்பவர்கள் உச்சியில். வாங்குபவர் ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் அவர் தரும் விலை ஏறும். விற்பவர் கீழே இறங்கினால் கேட்கும் விலை இறங்கும். இருவரும் சந்திக்கும் கோட்டில் வியாபாரம் முடியும். நேரமோ ஓடிக்கொண்டே இருக்கும்.

இப்போது இந்த மாதம் உணவு ஒருவரிடம் மட்டுமே மிஞ்சியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். உணவில்லாதவருக்கு அடுத்த மாதம் வேலை செய்யக் கிடைக்கும் நேரம் சுருங்கும். அண்ணன் உச்சியில் அசையாமல் நிற்கிறான். தங்கை அடியில் இருந்து இரண்டு அடி ஏறி, நின்று, ஒரு அடி இறங்குகிறாள்: 'வேண்டாம் போ.' அவன் லேசாக இறங்கி வருகிறான். இவள் ஏறவில்லை. நேரம் முடியப் போகிறது. விற்காவிட்டால் அவனுக்கும் நஷ்டம். அதைவிட, நால்வரில் ஒருவர் நொடித்தால் குடியேற்றம் முழுவதும் தள்ளாடும், குடியேற்றம் விழுந்தால் எல்லோருக்கும் தோல்வி. கடைசி நொடியில் இருவரும் ஒருவரை நோக்கி ஒருவர் பாய்கிறார்கள். சந்தை என்றால் என்ன, பற்றாக்குறை விலையை எப்படி ஏற்றும் என்பதை எந்தப் பாடப்புத்தகமும் இவ்வளவு சுருக்காகச் சொன்னதில்லை.

அந்த ஆட்டத்தில் தற்செயலும் உண்டு. கொள்ளைக் கப்பல் வரும், விளைச்சலைப் பூச்சி தின்னும், எதிர்பாராத பரிசு கிடைக்கும். ஆனால் அதற்கு ஒரு நீதி வைத்தார்கள். தனிப்பட்ட நல்லூழ் முதலிடத்தில் இருப்பவருக்கு ஒருபோதும் வராது. கெட்டது கடைசியில் இருப்பவருக்கு வராது. அதனால் பத்தாம் மாதம் வரை நால்வருக்கும் நம்பிக்கை இருக்கும். முன்னே சொன்ன பாதிக்குப் பாதி வாய்ப்பை, நரம்பியல் அறிஞர்களுக்கு இருபது ஆண்டு முன்பே ஒரு வடிவமைப்பாளர் கையால் தடவிக் கண்டுபிடித்திருக்கிறார். வரைபடம் பழகிப் போகலாம், விதிகள் மனப்பாடமாகலாம். எதிரில் இருக்கும் மனிதர் பழகித் தீருவதில்லை. பக்கத்தில் இருப்பவருக்காகச் செய்த ஆட்டம் என்ற வகையில், 1980களின் வீட்டுக் கணினிகள் தந்தவற்றில் இதுவே தலைசிறந்தது என்று சொன்னால் மிகையில்லை.

இதற்கெல்லாம் நேர் எதிரான ஓர் உதாரணம் தமிழ்நாட்டுப் பள்ளிகளின் கணினி அறைகளில் 90களில் படித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். 'பிரின்ஸ் ஆஃப் பெர்சியா'. பிள்ளைகள் வாயில் வெறும் 'பிரின்ஸ்'. ஜோர்டன் மெக்னர் 1989இல் 'ஆப்பிள் 2' கணினிக்காக எழுதியது. தன் தம்பி ஓடுவதையும் தாவுவதையும் வீடியோ எடுத்து, அதைச் சட்டம் சட்டமாகப் பிரதி செய்து இளவரசனின் அசைவை உருவாக்கினார். இதில் தற்செயலே இல்லை. கதவு, முள், வாள்வீரன் எல்லாம் என்றும் அதே இடத்தில். பின் ஏன் திரும்பத் திரும்ப ஆடினார்கள்? ஆட்டம் முழுவதையும் முடிக்க 60 நிமிடமே அவகாசம். செத்தால் அந்தத் தளத்தின் தொடக்கத்துக்குப் போய்விடலாம், ஆனால் போன நேரம் திரும்பாது. நேற்று பத்து நிமிடம் பிடித்த தளத்தை இன்று நான்கில் கடக்க வேண்டும். பாதை மாறவில்லை, கை மாறிக்கொண்டே வந்தது. ஒரே கீர்த்தனையை நூறு முறை சாதகம் செய்பவரின் நிலை அது.

நினைவகத்தின் வறுமை இங்கும் ஒரு நன்மை செய்தது. எதிரியை வரைய ஆப்பிளில் முதலில் இடம் மிஞ்சவில்லை. இளவரசனின் படத்தையே ஒரு கணக்கால் உருமாற்றி, ஒளிரும் நிழல் மனிதன் ஒருவனை உண்டாக்கினார் மெக்னர். அந்த நிழலை ஜெயிக்கும் வழியைப் பிள்ளைகள் ஒருவர் காதில் ஒருவர் சொல்லிக்கொண்டார்கள்: வாளை உறையில் போட வேண்டும்.

விதி மிகக் குறைவு, தற்செயல் சரியான இடத்தில், ஏறிக்கொண்டே போகும் கைத்தேர்ச்சி. மூன்றும் ஒன்றுகூடிய ஆட்டம் மாஸ்கோவில் பிறந்தது. சோவியத் அறிவியல் கழகத்தின் கணினி மையத்தில் வேலை பார்த்த அலெக்ஸி பஜித்னோவுக்கு, ஐந்து சதுரங்களை ஒட்டிச் செய்த 12 மரத்துண்டுகளைப் பெட்டியில் அடுக்கும் புதிர் மீது காதல். 1984 வாக்கில் அதைக் கணினிக்குக் கொண்டுவர முயன்றபோது 12 அதிகம் என்று தோன்றியது. நான்கு சதுரங்களாகக் குறைத்தார். ஏழு வடிவங்கள் மிஞ்சின. அவருடைய 'எலெக்ட்ரோனிகா 60' கணினிக்குப் படம் வரையவே தெரியாது. அடைப்புக்குறிகளைச் சேர்த்துச் சதுரம் காட்டினார். பிறகு வாதிம் கெராசிமோவ் என்ற 16 வயதுப் பையன் அதை ஐபிஎம் பிசிக்கு மாற்ற உதவினான். டெட்ரிஸ் உலகைச் சுற்றப் புறப்பட்டது.

பத்து கட்ட அகலம், இருபது கட்ட உயரம். இருநூறு கட்டங்கள். முழுதாக நிரம்பிய வரிசை உடனே மறைந்துவிடும் என்பதைக் கழித்தாலும், இந்தப் பலகை காகிதக் கணக்கில் இருக்கக்கூடிய நிலைகள் 1க்குப் பின் 60 பூஜ்யம் போட்டால் வரும் எண்ணைத் தாண்டும். ஏழு வடிவங்களில் இருந்து இத்தனை. 2002இல் எம்ஐடியைச் சேர்ந்த மூன்று கணினி அறிஞர்கள், வரப்போகும் துண்டுகளின் வரிசை முழுவதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டாலும், அவற்றை மிகச் சிறப்பாக அடுக்கும் வழியைக் கண்டுபிடிப்பது கணினிக்கே கடினமான கணக்குகளின் வரிசையில் சேரும் என்று நிறுவினார்கள். விரைவான வழி எதுவும் இதுவரை எவருக்கும் தெரியாது.

டெட்ரிஸில் வெற்றி கிடையாது. துண்டுகள் குவிந்து உச்சியைத் தொடும் வரை ஆட்டம். தோற்பது உறுதி என்று தெரிந்தும் உடனே அடுத்த ஆட்டத்தைத் தொடங்குகிறார்கள் என்றால், அதற்குக் காரணம் தோல்வி தெளிவாக இருப்பதே. ஒரு துண்டைத் தப்பாக வைத்தால் அதன் அடியில் ஒரு பொந்து விழுகிறது. அந்தப் பொந்து மறையாது. அடுத்த ஐம்பது துண்டுகள் விழும்போதும் கண்ணெதிரே நிற்கும். 'அங்கே வைத்திருக்கக் கூடாது.' யார் மீதும் பழி போட முடியாது. தவறு எது என்று தெரிந்தவருக்கு அதைத் திருத்தும் ஆசை வரும். திருத்த ஒரே வழி, மறுபடி ஆடுவது.

விஞ்ஞானிகள் டெட்ரிஸை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். 1992இல் கலிபோர்னியாவில் ரிச்சர்ட் ஹையர் என்ற ஆய்வாளர், சில வாரங்கள் தினமும் டெட்ரிஸ் பழகியவர்களின் மூளையைப் பழகும் முன்பும் பின்பும் படமெடுத்தார். ஆட்டம் ஏழு மடங்குக்கு மேல் தேறியிருந்தது. ஆனால் மூளை எரித்த குளூக்கோஸ் கூடவில்லை, பல பகுதிகளில் குறைந்திருந்தது. திறமை என்பது கூடுதலாக உழைப்பதல்ல, வீண் உழைப்பைக் கைவிடுவது என்பதற்கு அன்று கிடைத்த சான்று அது. 1994இல் டேவிட் கர்ஷ், பால் மாக்லியோ இருவரும் சான் டியாகோவில் இன்னொரு புதுமையைக் கவனித்தார்கள். தேர்ந்த ஆட்டக்காரர்கள் தேவைக்கு மேலே துண்டைச் சுழற்றிப் பார்க்கிறார்கள். சோம்பலோ தடுமாற்றமோ அல்ல. ஒரு வடிவத்தை மனதுக்குள் திருப்பிப் பார்க்க ஏறத்தாழ ஒரு நொடி பிடிக்கும். பொத்தானை அழுத்தித் திரையில் திருப்ப அதில் மூன்றில் ஒரு பங்கு போதும். யோசிக்க வேண்டியதை விரல் யோசிக்கிறது.

மனதை நெகிழ வைப்பது 2000இல் வந்த ஆய்வு. ஹார்வர்டின் ராபர்ட் ஸ்டிக்கோல்டு, சில நாள் டெட்ரிஸ் ஆடியவர்களைத் தூக்கம் தழுவும் தருவாயில் எழுப்பி, என்ன தெரிகிறது என்று கேட்டார். பலருக்கும் துண்டுகள் விழுந்துகொண்டிருந்தன. ஆட்டக்காரர்களில் ஐந்து பேர் மூளைப் பாதிப்பால் புதிய நினைவுகளைச் சேர்க்க முடியாதவர்கள். காலையில் ஆடியது மாலையில் அவர்களுக்கு நினைவில்லை. ஆட்டத்தின் விதியை ஒவ்வொரு முறையும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியிருந்தது. அந்த ஐவரில் மூவருக்கும் துண்டுகள் விழுவது தெரிந்தது. அவை என்ன, எங்கிருந்து வந்தன என்று மட்டும் அவர்களுக்குச் சொல்லத் தெரியவில்லை. ஆடிய ஆட்டம் நினைவைவிட ஆழமான ஓர் இடத்தில் போய் உட்கார்ந்திருந்தது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. திரும்பத் திரும்ப ஆட வைப்பதெல்லாம் ஆடத் தகுந்தது ஆகாது. வேண்டும் என்ற தவிப்பும், கிடைத்ததில் வரும் மகிழ்ச்சியும் மூளையில் வெவ்வேறு வழிகளில் ஓடுகின்றன என்பதை மிஷிகனில் கென்ட் பெரிட்ஜ் பல ஆண்டுகள் ஆராய்ந்து காட்டினார். மகிழ்ச்சி வற்றிய பிறகும் தவிப்பு மட்டும் தொடரலாம். இன்றைய கைபேசி ஆட்டங்களில் பல இதை நம்பியே கடை விரிக்கின்றன. இன்று வராவிட்டால் தினசரிப் பரிசு போய்விடும்; 'சக்தி' தீர்ந்துவிட்டது, நாலு மணி நேரம் காத்திரு அல்லது பணம் கட்டு; பெட்டியைத் திற, என்ன வரும் பார். இங்கே தற்செயல் முடிவுக்குப் பின் வருகிறது, சூதாட்ட இயந்திரத்தில் வருவது போல. வேறுபாட்டை அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு மாதம் ஆடிய பிறகு, முதல் நாள் செய்ய முடியாத எதை இப்போது செய்ய முடிகிறது? கணக்கில் சேர்ந்த நாணயத்தைக் காட்டினால் அது ஆட்டத்தின் வளர்ச்சி. கையில், கண்ணில், யோசனையில் சேர்ந்த எதையாவது காட்ட முடிந்தால் அது ஆடுபவரின் வளர்ச்சி. பிள்ளைகள் கையில் கைபேசி தரும் பெற்றோர், 'எவ்வளவு நேரம் ஆடினாய்' என்பதோடு இந்தக் கேள்வியையும் சேர்த்துக் கேட்கலாம்.

டெட்ரிஸ் எவ்வளவு மிச்சம் வைத்திருந்தது என்பது அண்மையில்தான் தெரியவந்தது. 1989இல் நின்டெண்டோவின் டிவி விளையாட்டுக் கருவிக்கு வந்த டெட்ரிஸில் 29ஆம் லெவலே முடிவு என்று ஆண்டுக்கணக்கில் நம்பினார்கள். அங்கே துண்டுகள் விழும் வேகத்தில், பொத்தானை அழுத்திப் பிடித்தால் துண்டு ஓரத்தை எட்டும் முன்னே தரையைத் தொட்டுவிடும். பிறகு விரலை அதிரவிட்டு நொடிக்குப் பத்து முறைக்கு மேல் அழுத்தக் கற்றவர்கள் வந்தார்கள். அதற்கும் பிறகு ஒரு புதிய உத்தி: கட்டைவிரலைப் பொத்தான் மேல் சும்மா வைத்துக்கொண்டு, மறு கையின் விரல்களால், கையில் பிடித்திருக்கும் பொத்தான் பெட்டியின் முதுகில் மேசையில் தாளம் தட்டுவது போல வரிசையாகத் தட்டுவது. பெட்டியே எழும்பி விரலில் வந்து மோதும். 2023 டிசம்பரில் ஓக்லஹோமாவைச் சேர்ந்த 13 வயதுப் பையன் ஒருவன் 157ஆம் லெவலை எட்டினான். அதற்கு மேல் தாங்க முடியாமல் ஆட்டம் உறைந்து நின்றது. அந்த ஆட்டத்தை உறைய வைத்த முதல் மனிதன் அவன்.

லெவலை எண்ண அந்த ஆட்டத்தில் ஒதுக்கிய இடம் ஒரே ஒரு பைட். எட்டு பிட்டில் 255க்கு மேல் எண்ண முடியாது. 2024 அக்டோபரில், உறைந்து நிற்காதபடி திருத்திய பதிப்பில், இன்னொரு பதின்வயது ஆட்டக்காரர் 255ஆம் லெவலையும் கடந்தார். எண் சுற்றி வந்து 0 என்று காட்டியது. துண்டுகள் தொடக்கத்தில் விழுவது போல மெதுவாக விழத் தொடங்கின. அவர் தொடர்ந்து ஆடினார்.